எஞ்சின் உள்ளேதான் இருக்கணும்

பாறையில் கால் வைக்கும்போது பார்த்து வாங்க சார், பாசி பிடித்துக் கிடக்கு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கோங்க. ஆங், அப்படித்தான். இதுதான் படகு. போட்டோவில் பார்த்ததைவிட நீளமாகத் தெரியுது இல்லையா? வந்தவன் எல்லாம் அதைத்தான் சொல்லுவான்.

உங்க ஊர் மலைமேலே இருக்கு, படகு விடப்போறது ஏரியில் என்று போனில் சொன்னீங்க. அலை கிடையாது, மணல் கிடையாது. மரப்பாலத்தில் கட்டி, மரப்பாலத்திலேயே ஆளை ஏற்றி இறக்குவீங்க. அப்படியானால் இது உங்களுக்கென்றே செய்த படகு. வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. இந்தக் கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க, எஞ்சின் தொபியாஸ் எப்படிப்பட்ட ஆள் என்று. என்னைத் திட்டுவான். ஆனால் கெட்ட எஞ்சின் கொடுத்தான் என்று ஒருத்தன் சொல்ல மாட்டான்.

ஏன் விற்கிறீங்க என்று கேட்டீங்க. நியாயமான கேள்வி. நான் வாங்கப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். கேட்டுவிட்டு, பதில் சொல்லும்போது அவன் கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன்.

எங்கே? அங்கேயா? நான் அங்கே பார்க்கவில்லையே. அது மச்சாது என்கிறவன் படகு. பக்கத்தில் குனிந்து பிளக் துடைக்கிறானே, சிவப்பு பனியன், அவனா? அவன் என் மகன். கஸ்பார். அவனை விடுங்க. படகைப் பாருங்க.

சரி, சொல்லிவிடுகிறேன். நாலு பேர் வாயிலிருந்து நாலு விதமாகக் கேட்பதைவிட என் வாயிலிருந்து கேட்டுக்கோங்க.

எங்க தாழந்துறையில் அந்தோணியார் திருவிழா முடிந்த மறுநாள் படகுப் போட்டி. பாய் இல்லை, துடுப்பு இல்லை, எஞ்சின் போட்டி. சுற்றுவட்டாரத்து ஊர்ப் படகெல்லாம் வரும். வழக்கம் என்னவென்றால், படகெல்லாம் மணலில் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும். கோயில் மணி அடித்ததும் தோள்கொடுத்துத் தள்ளி இறக்கணும். ஏறிக் கிளப்பி, தூரத்தில் கொடி கட்டின மிதவையைச் சுற்றித் திரும்பி வந்து மறுபடி மணலில் ஏறணும். யாருடைய அணியம் முதலில் மணலில் ஏறுதோ அவன் ஜெயித்தவன். அணியம் என்றால் படகுக்கு மூக்கு மாதிரி சார், முன்பக்கம். தண்ணீரில் எத்தனை பேரை முந்தினாலும் எங்க ஊரில் பேச்சே கிடையாது. மணலில் ஏறினால்தான் வந்ததாக அர்த்தம்.

வருசா வருசம் மச்சாதுதான் கப்பு வாங்குவான். நானும் அவனும் சின்னதில் ஒரே ஐஸ் கம்பெனியில் பெட்டி சுமந்தவங்க. அவன் அப்பாவுக்குப் படகு இருந்தது. என் அப்பாவுக்கு வாய் மட்டும் இருந்தது. அவன் சீக்கிரமே கடலுக்குப் போய்விட்டான். நான் அந்த வாயை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகாமலே முன்னுக்கு வந்தேன். உடைந்த எஞ்சினைப் பேசி வாங்குவேன், ஓட வைத்துப் பேசி விற்பேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டேன். ஆனாலும் திருவிழா அன்றைக்கு மச்சாதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவாங்க. நான் பந்தலில் உட்கார்ந்து கைதட்டணும். எனக்கு என்ன குறை, சொல்லுங்க?

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"ஏல கஸ்பாரு, இந்த வருசம் நமக்கும் ஒரு ரேஸ் படகு. நீதான் ஓட்டுத."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும் சார். மீசை வந்த பிறகு அவன் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. "எஞ்சின் நான் சொல்லுததுதான் போடணும்பா" என்றான்.

"ஓட்டப்போறது நீ. நீயே சொல்லு."

சொன்னேன்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் என்ன சொன்னான் தெரியுமா? அவுட்போர்டு!

உங்களுக்கும் இது தெரிந்திருக்கணும் சார், படகு வாங்க வந்தவர். அவுட்போர்டு என்றால் எஞ்சின் முழுசும் படகுக்கு வெளியே, பின்னால் தொங்கும். எடை கம்மி. கரை கிட்டே வரும்போது அப்படியே சாய்த்துத் தூக்கிவிடலாம், படகு வழுக்கிக்கொண்டு மணலில் ஏறும். கெட்டுப்போனால் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். இதெல்லாம் அவன் சொன்னது. நான் சொல்லுவதைக் கேளுங்க. இன்போர்டு என்றால் எஞ்சின் படகு வயிற்றுக்குள் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும். பாரம் அடியில், படகு தண்ணீரைக் கவ்விப் பிடிக்கும். அடியில் ஷாஃப்ட், அதன் நுனியில் புரொப்பல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். கார் மாதிரி வீல் பிடித்து ஓட்டலாம். சத்தமே ராசா வீட்டுச் சத்தம்.

"அவுட்போர்டு போதும்பா. பின்னால தொங்கட்டும். மணலுக்கு வரும்போது தூக்கிடலாம்."

"தொங்கவிடுததுக்கு அது என்னல, கருவாடா? எஞ்சின் உள்ளதான் இருக்கணும். வீட்டுல அடுப்பு எங்க இருக்கு, வாசல்லயா?"

"அடுப்ப வச்சு யாரும் ரேஸ் ஓடலியேப்பா."

பிலோமி சிரித்தாள். என் வீட்டுக்காரி. எனக்கு எதிராக யார் பேசினாலும் முதலில் சிரிக்கிறவள் அவள்தான்.

நான் பிடிவாதத்துக்குப் பேசவில்லை சார். அந்தச் சமயம் பார்த்து கொச்சியில் ஒரு எஞ்சின் இருப்பதாகத் தகவல் வந்தது. எட்டு சிலிண்டர், வெளிநாட்டுப் பெட்ரோல் எஞ்சின். இதோ இந்தப் பெட்டிக்குள் இருக்கிறதே, இதுதான். சுற்றுலாக்காரர்களை வைத்து ஓட்டின ஒருத்தனுடையது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், சம்சாரம் விற்கிறாள். கஸ்பாரையும் கூட்டிக்கொண்டு போனேன். பேரம் என்றால் என்ன என்று அவனும் பார்க்கட்டுமே என்றுதான்.

ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். தார்ப்பாய் மேலே ஒரு தூசி இல்லை. தினமும் துடைப்பாள் போலிருக்கு. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்கு விலை தெரியாது என்று. காலையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவள் ஒரு விலை சொன்னாள், நான் சிரித்தேன். டீ கொடுத்தாள், குடித்தேன். மத்தியானம் சோறு போட்டாள், சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, காலையில் நான் கேட்ட அடிமாட்டு விலையையே திரும்பச் சொன்னேன். "இப்படியே கிடந்தா துருப்பிடிச்சு எடைக்குத்தாம்மா போகும், வீட்டுல ஆம்பள வேற இல்ல" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? கஸ்பார் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் எழுந்து வெளியே போய்விட்டான். கடைசியில் அந்தம்மா அழுதுகொண்டே மலையாளத்தில் என்னமோ சொன்னாள். எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனால் போதும் என்று அர்த்தம். கிளம்பும்போது அந்தத் தார்ப்பாயையும் சும்மா வாங்கிப் போட்டுக்கொண்டேன். உங்களுக்கும் அதைச் சேர்த்தே தருகிறேன், நல்ல கனமான தார்ப்பாய்.

லாரியில் வரும்போது கஸ்பார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டும்போது காற்று லாரியைப் பிடித்து ஆட்டும் பாருங்க, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் கிடைத்த சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் வந்த பிறகு அதற்குத் தக்க படகு செய்தோம். ஆமாம் சார், சட்டை தைத்துவிட்டு உடம்பு தேடினேன் என்று ஊரில் கேலி பேசினாங்க. பேசட்டும். ஃபைபர் ஊற்றினதிலிருந்து ஷாஃப்ட் பொருத்தினதுவரை கஸ்பார் கூடவே நின்றான். அவுட்போர்டு என்ற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. புத்தி வந்துவிட்டது என்று இருந்தேன். முதன்முதலாகத் தண்ணீரில் விட்ட அன்றைக்கு இந்த வளைவில் இருந்து கிளப்பிக்கொண்டு போனான். நான் இதே பாறையில் நின்றேன். போனானா, பறந்தானா! தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவன் எல்லாம் எழுந்து நின்றுவிட்டான். திரும்பி வந்து இறங்கினவன் முகமெல்லாம் உப்பு. "நல்லா ஓடுதுப்பா" என்றான். அதோடு நிறுத்தினானா? "ஆனா அடியில புரொப்பல்லர வச்சிக்கிட்டு மணல்ல ஏத்த முடியாதே" என்றான். அப்பனை முழுசாகப் பாராட்டினால் பல் கொட்டிவிடும் அவனுக்கு.

மணல்தானே பிரச்சினை? நான் யோசித்தேன். எஞ்சினை ஏன் மாற்றணும், மணலை மாற்றிவிட்டால் போச்சு.

சிரிக்கிறீங்க. ஆனால் செய்தேனே! திருவிழாக் கமிட்டிக்குப் போனேன். அந்த வருசம் மீன்பாடு சரியில்லை, வரி சரியாகப் பிரியவில்லை, கமிட்டிக்காரங்க தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. "லைட்டு, மைக்கு, வாணவேடிக்கை, மூணும் என் பொறுப்பு. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. போட்டி தண்ணியில ஆரம்பிச்சு தண்ணியிலயே முடியட்டும். இடுப்பளவு ஆழத்துல ரெண்டு கொடி நடுங்க. எவன் கொடியத் தாண்டுதானோ அவனுக்குக் கப்பு" என்றேன்.

மச்சாது எழுந்தான். "ஏம்வே தொபியாசு, அப்ப கரைக்கு வராமலே கரைக்கு வந்தாச்சுன்னு சொல்லிக்கிடணுமாக்கும்?"

சிரிப்பு. சாமியார்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் பேரத்தில் கோபப்பட்டால் கை நழுவிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிரித்து முடித்துவிட்டு எல்லாரும் என்ன செய்தாங்க? ஒத்துக்கொண்டாங்க! வேறு வழி? ஜெயித்தது யார்? கஸ்பார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் கேட்கிறான்:

"இப்படி ஜெயிச்சு என்னப்பா செய்ய?"

"கப்பத் தூக்கிட்டு வந்து அலமாரியில வையி. வேற என்ன செய்வாவ?"

"ஊருல ஒருத்தனும் கையத் தட்ட மாட்டான்பா."

"மைக்கு நம்மதுல. தட்டச் சொல்லி மைக்குல சொல்லச் சொல்லுதேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு என் வேடிக்கை மட்டும் புரிகிறதே இல்லை சார், அவன் அம்மா மாதிரி.

போட்டி அன்றைக்குக் கடல் கொஞ்சம் புரண்டுகொண்டிருந்தது, கச்சான் காற்று, மேற்கே இருந்து அடிக்கிறது. மணி அடித்ததும் அத்தனை படகும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு கிளம்பிச்சு. மிதவை வரைக்கும் மச்சாது படகு முன்னால். திரும்பினதற்கு அப்புறம்தான் என் எஞ்சின் வேலையைக் காட்டிச்சு. அவுட்போர்டெல்லாம் அலைக்கு அலை துள்ளுது, புரொப்பல்லர் காற்றில் சுற்றிக் கத்துது. என் படகு கத்தி மாதிரி கீறிக்கொண்டு வருது. கஸ்பார் மச்சாதை முந்தினான். முந்தினது மட்டுமா, மச்சாது எங்கேயோ பின்னால் ஒரு புள்ளி! நான் இடுப்பளவு தண்ணீரில் கொடிப் பக்கத்திலேயே நின்றேன். வேட்டி நனைந்தது தெரியவில்லை. கொடியைத் தாண்டினான் சார்! மைக்கில் கமிட்டிக்காரன் என் பெயரைச் சொன்னான். தொபியாஸ் அவர்களின் படகு முதலிடம் என்று சொன்னான். என் காதால் கேட்டேன். கரையில் ஒரு கை தட்டவில்லை. அது பொறாமை. அதை விடுங்க.

கஸ்பார் வேகத்தைக் குறைக்கவில்லை.

நான் கையைக் காட்டினேன். போதும்ல, போதும்ல என்று கத்தினேன். என்னைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, இன்னும் முறுக்கினான். கரையில் நின்ற கூட்டம் ரெண்டாகப் பிளந்து ஓடிச்சு. என் படகு, என் எஞ்சின், அத்தனை வேகத்தோடு மணலில் ஏறிச்சு.

இரும்பு கதறிக் கேட்டிருக்கீங்களா சார்? ஷாஃப்ட் வளைந்தது, புரொப்பல்லர் இதழெல்லாம் மடங்கிப் பிய்ந்தது, சுக்கான் தனியாகத் தெறித்து விழுந்தது. படகு பாதி மணலில் சாய்ந்து கிடக்கு. அப்புறம் ஒரு கூச்சல் போட்டாங்க பாருங்க, அந்தத் திருவிழாவில் அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. பொம்பளைங்க குலவை போட்டாங்க. பிறகு வந்து மணலில் ஏறின மச்சாது, படகிலிருந்து குதித்து ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தான். பெற்ற மகனைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான். தோளில் தூக்கினாங்க.

எனக்கு அந்த இடத்திலேயே விசயம் புரிந்துவிட்டது. மச்சாது விலை பேசியிருக்கிறான். இல்லாவிட்டால் சொல்லுங்க, ஜெயித்து முடித்தவன் எதற்குக் கரையேறணும்? ஏற்கெனவே கப்பு நமக்கு! ஒருத்தன் தன் கையிலிருக்கும் நல்ல எஞ்சினைத் தானே உடைப்பானா, காசு வாங்காமல்? நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாரும் என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறாங்க, அவ்வளவுதான்.

தோளிலிருந்து இறங்கி என்னைத் தேடி வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். "ஏத்திட்டேம்பா" என்றான்.

அடித்தேன்.

ஒரே அடி. எல்லார் முன்னாலும்தான் அடித்தேன். படகு மட்டும் யாருமில்லாத இடத்திலா உடைந்தது? அப்பன் பிள்ளையை அடிப்பது உலகத்தில் இல்லாததா? என்னை ஐஸ் கம்பெனி முதலாளி அடிக்காத இடமில்லை. நான் மறுநாள் வேலைக்குப் போகாமலா இருந்தேன்? கஸ்பார் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. என்னைத் தாண்டி நடந்தான். நேராக மச்சாது வீடு. அன்றைக்குப் போனவன்தான். இப்போது அவன் படகில் அவுட்போர்டு பிடித்துக்கொண்டு நிற்கிறான், வெளியே தொங்குகிற எஞ்சினுக்குப் பிளக் துடைத்துக்கொண்டு.

பிலோமி தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ரெண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் குழம்பில் மீன் துண்டு கூடியிருக்கிறது, எனக்கா தெரியாது? கேட்பதில்லை. கேட்டால் அவளும் போய்விட்டால் எனக்கு யார் சோறு போடுவது?

படகைச் சும்மா விட்டுவிடவில்லை சார். ஷாஃப்ட் புதுசு. புரொப்பல்லர் புதுசு. சுக்கான் புதுசு. எஞ்சினைப் பிரித்து மணலெல்லாம் கழுவிப் பூட்டியிருக்கு. அவனுக்காகச் செய்யவில்லை, எனக்குச் சாமான் பழுதாகக் கிடந்தால் பிடிக்காது. இந்த வருசத் திருவிழாவுக்குள் வந்துவிடுவான் என்று பிலோமிதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. இப்போது கமிட்டி மறுபடி மணல் என்று சொல்லிவிட்டது. அவனும் வரவில்லை. பிறகு படகை வைத்து நான் என்ன செய்ய? அதனால் விற்கிறேன். இவ்வளவுதான் காரணம்.

என்ன சார்? ஓட்டிப் பார்க்கணுமா?

அது நியாயம்தான். ஓடாத எஞ்சினை நானும் வாங்க மாட்டேன். ஆனால் எனக்கு ஓட்டத் தெரியாதே. விற்கத்தான் தெரியும். வேறு ஆள் என்றால், இந்த எஞ்சினைப் பிடிக்கிற கை இந்தக் கரையில் ஒன்றுதான் இருக்கு. மற்ற எவனும் கூப்பிட்டால் வர மாட்டான், என்னோடு அவனவனுக்கு ஒரு வழக்கு.

நீங்க போய் அவனைக் கேட்கிறீங்களா? கேளுங்க. உங்க காலை நான் கட்டிப்போடவில்லை. நான் வர மாட்டேன். நான் அனுப்பினதாகச் சொல்லாதீங்க. கூலி என்ன கேட்டாலும் தருகிறேன் என்று மட்டும்... வேண்டாம், அதையும் சொல்லாதீங்க, ஏற்றிச் சொல்லுவான். போங்க, மணலில் பார்த்து நடங்க, அங்கே கயிறு கிடக்கு.

வந்துட்டீங்களா? வாரானா? கூலி வேண்டாம் என்றானா! சும்மாவே ஓட்டுவானாமா! பார்த்தீங்களா, எஞ்சின் மேலே ஆசை விடவில்லை அவனுக்கு. எனக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியும். இருங்க, சாவி இங்கேதான் மடியில் இருக்கு. பெட்டியைத் திறக்கட்டுமா? பெட்ரோல் போதும். நான் முன்னால் ஏறிக்கொள்கிறேன், நீங்க நடுவில்...

என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? சொல்லுங்க. நான் என்னென்னவோ கேட்டு வளர்ந்தவன்.

நான் படகில் இருக்கக் கூடாதாமா?

யார் படகு சார் இது? யார் எஞ்சின்? கொச்சி வரைக்கும் போய் வாய் வறளப் பேசி வாங்கினவன் யார்? ஏறக் கூடாது என்று சொல்ல அவன் யார்? படகே கிடையாது, விற்கவும் மாட்டேன், நீங்க உங்க மலைக்குப் போய்ச் சேருங்க! தார்ப்பாயைப் போட்டு மூடி...

சார். சார், நில்லுங்க. எங்கே போறீங்க? நான் கத்துவது இப்படித்தான், அதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாது.

இன்னொரு தடவை அவன்ட்ட போங்க. நான் சொல்லுத மாதிரிப் பேசுங்க. முதல்ல, உங்கப்பன் பின்னால எஞ்சின் பெட்டி ஓரமா ஒடுங்கி உட்கார்ந்துக்கிடுவான், வாயே திறக்க மாட்டான்னு சொல்லுங்க. முடியாதும்பான். உடனே பேரத்துல இறங்கிராதீங்க. கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க, கடலைப் பாருங்க. பிறகு, இந்த வளைவு முனை வரைக்கும் ஏத்திட்டுப் போயி இறக்கிவிட்டாப் போதும்னு கேளுங்க. அதுக்கும் தலைய ஆட்டினான்னா...

அதுக்கும் ஆட்டினான்னா, கரையில நின்னு பார்த்துக்கிடலாமான்னு கேளுங்க. அதுக்குக் கீழ நான் இறங்க மாட்டேன் சார்.